டென்மார்க்கின் நான்கு விலக்குகள் பிறந்த கதை

1992 பிப்ரவரியில் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்துக்கு நிறையப் பின்னிணைப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று ஒரே ஒரு வாக்கியம்தான். ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் சரி, இரண்டாவது வீடு வாங்குவது பற்றித் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை டென்மார்க் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. ஜட்லாந்தின் மேற்குக் கரையில் மணல்மேடுகளுக்கு நடுவே கோடைக்கால வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்து நாட்டு ஜெர்மானியர்கள் அங்கே வாடகைக்கு வரலாம், குளிக்கலாம், பணத்தைச் செலவழிக்கலாம். பத்திரப் பதிவுக்கு மட்டும் வரக்கூடாது. பன்னிரண்டு நாடுகள் உட்கார்ந்து பொது நாணயம், பொது வெளியுறவுக் கொள்கை என்று பேசிக்கொண்டிருந்தபோது டென்மார்க் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

சந்தை வேண்டும், சம்பந்தம் வேண்டாம். அப்போது ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழ்ந்த அந்த நாடு ஐரோப்பாவைப் பார்த்த விதம் இதுதான். பிற நாடுகளிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நினைப்பு டென்மார்க்கில்தான் சட்டமானது, எண்ணிக்கையும் பெற்றது. நான்கு விலக்குகள், டேனியர்கள் அவற்றை ஏதோ முன்னோர் எழுதிவைத்த சொத்தைப்போலப் பேசுவார்கள். உண்மையில் அந்த நான்கையும் எந்த வாக்காளரும் கேட்கவில்லை. தோற்றுப்போன ஒரு வாக்கெடுப்புக்குப் பின் அரசியல்வாதிகள் சில மாதங்களில் உண்டாக்கியவை அவை.

டென்மார்க் ஐரோப்பிய ஒற்றுமையைக் கனவு கண்டு உள்ளே போன நாடு அல்ல. பன்றி இறைச்சியும் வெண்ணெயும் ஏற்றுமதி செய்து பிழைத்த நாடு; பெரிய வாடிக்கையாளர் பிரிட்டன். அந்தப் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரப்போகிறது என்றதும் கூடவே போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. 1972 செப்டம்பர் 25 அன்று நார்வே மக்கள் வாக்களித்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 2-இல், டேனியர்களில் 63.3 சதவீதத்தினர் வேண்டும் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் 90 சதவீதம். பிரதமர் யென்ஸ் ஓட்டோ கிராக், வந்த வேலை முடிந்தது என்பதுபோல் மறுநாளே பதவி விலகி எல்லோரையும் திகைக்க வைத்தார்.

தோற்றவர்கள் கலைந்து போகவில்லை. ஐரோப்பியச் சமூகத்துக்கு எதிரான மக்கள் இயக்கம் என்ற பெயரில் அமைப்பாகவே நின்றார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979-இல் முதல்முறை நேரடித் தேர்தல் நடந்தபோது, எந்த அமைப்பை விட்டு வெளியேற வேண்டும் என்றார்களோ அதன் அவைக்கே போட்டியிட்டு, ஐந்தில் ஒரு பங்கு வாக்கும் நான்கு இடங்களும் பெற்றார்கள். உள்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் இந்த இயக்கம் நிற்பதே இல்லை. ஆகவே டேனிய வாக்காளருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது: வரி, ஓய்வூதியம், மருத்துவமனை என்றால் தன் கட்சி; ஐரோப்பா என்றால் தன் கட்சியின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசியல் சட்டமும் கை கொடுத்தது. 1953-இல் வந்த அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, நாட்டின் அதிகாரத்தைச் சர்வதேச அமைப்பு ஒன்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கினர் சம்மதிக்க வேண்டும். மொத்த உறுப்பினர்கள் 179; அதாவது 150 பேர். அந்த எண்ணிக்கை கிடைக்கவில்லை என்றால் மக்களிடம் போயாக வேண்டும். சிறுபான்மை அரசுகளே வழக்கமாகிப்போன நாட்டில் 150 பேரைத் திரட்டுவது சுலபமல்ல.

ஒதுங்கி நிற்பதற்கு வேறொரு பயிற்சியும் கிடைத்திருந்தது. 1982-இல் பிரதமரான பழமைவாதக் கட்சியின் பவுல் ஷ்லூட்டருக்கு வெளியுறவு விஷயங்களில் பெரும்பான்மை இல்லை. சமூக ஜனநாயகக் கட்சியும் இடதுசாரிகளும் சேர்ந்து, நேட்டோவின் அணு ஆயுதத் திட்டங்களில் டென்மார்க்குக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்யும்படி அரசைத் திரும்பத் திரும்பக் கட்டாயப்படுத்தினார்கள். வெளியுறவு அமைச்சர் உஃபே எல்லெமான்-யென்சன், தான் ஏற்காத கருத்தைத் தன் நாட்டின் கருத்தாக நேட்டோ அறிக்கைகளின் அடியில் சேர்க்க வேண்டியிருந்தது. அடிக்குறிப்பு அரசியல் என்றே அதற்குப் பெயர். கூட்டணியை விட்டுப் போவதும் இல்லை, முழுதாகச் சேர்ந்துகொள்வதும் இல்லை.

1986-இல் ஐரோப்பிய ஒற்றைச் சட்டம் என்ற ஒப்பந்தம் வந்தபோது டேனிய நாடாளுமன்றமே அதை நிராகரித்துவிட்டது. ஷ்லூட்டர் மக்களிடம் போனார். ஆம் என்று வாக்களித்தால் ஐரோப்பிய ‘ஒன்றியம்’ என்ற பேச்சே செத்தது என்று தொலைக்காட்சியில் உறுதி சொன்னார். 56.2 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். ஆறே ஆண்டுகளில் அதே பிரதமரின் அரசு கொண்டுவந்த ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே ஐரோப்பிய ஒன்றியம் உட்கார்ந்திருந்தது. இதை மறக்கும் அளவுக்கு டேனியர்கள் ஞாபகசக்தி குறைந்தவர்கள் அல்லர்.

மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் 130 பேர் ஆதரித்தார்கள், 25 பேர் எதிர்த்தார்கள். பெரிய கட்சிகள், முதலாளிகள் சங்கம், தொழிற்சங்கத் தலைமை, முக்கிய நாளிதழ்கள் என்று கனமானவர்கள் எல்லோரும் ஒரு பக்கம். ஆனால் 130 என்பது 150 ஆகாது. 1992 ஜூன் 2 அன்று மக்கள் வாக்களித்தார்கள்; வந்தவர்கள் 83 சதவீதம். வேண்டாம் என்றவர்கள் 50.7 சதவீதம். 32 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வித்தியாசம் ஏறத்தாழ 46 ஆயிரம். வேண்டாம் என்றவர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. இடதுசாரிகள் நலத்திட்டங்கள் கரைந்துபோகும், ஐரோப்பிய ராணுவம் வரும் என்று பயந்தார்கள். வலதுசாரிகள் டேனிய இறையாண்மை போகும் என்றார்கள். தங்கள் கட்சித் தலைமை ஆம் என்று சொல்லியிருந்தும் சமூக ஜனநாயக வாக்காளர்களில் பெரும்பகுதியினர் மறுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு நாடுகளும் ஏற்றால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும். ஜூன் 4-இல் ஆஸ்லோவில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள், திருத்தி எழுதும் பேச்சுக்கே இடமில்லை, மற்றவர்கள் தொடர்ந்து போவோம் என்று சொல்லிவிட்டார்கள். செப்டம்பரில் பிரான்சில் நடந்த வாக்கெடுப்பில் ஆம் தரப்பு 51 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது. அதற்குள் ஒரு வேடிக்கை. யூகோஸ்லாவியா மீது ஐ.நா. தடை விழுந்ததால் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்குக் கடைசி நேரத்தில் டென்மார்க் அணி அழைக்கப்பட்டது. ஜூன் 26 அன்று கோத்தன்பர்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அப்போது லிஸ்பனில் நடந்துகொண்டிருந்த ஐரோப்பிய உச்சி மாநாட்டில் இருந்த எல்லெமான்-யென்சன், சேர முடியாவிட்டால் தோற்கடித்துவிட வேண்டியதுதான் என்று நிருபர்களிடம் சொன்னார். ஒப்பந்தத்துக்காக உயிரைக் கொடுத்துப் பிரசாரம் செய்து தோற்ற மனிதர் அவர்.

கோடை முடிந்ததும் கணக்கு தொடங்கியது. இந்த இடத்தில்தான் விலக்குகள் கருவாகின்றன. மக்கள் ஓர் ஒப்பந்தத்தை முழுவதுமாக மறுத்திருந்தார்கள்; அதன் எந்தப் பகுதி பிடிக்கவில்லை என்று வாக்குச்சீட்டில் கேள்வி இல்லை. கேள்வியே இல்லாத இடத்தில் பதிலைக் கண்டுபிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது, ஜூனில் எதிர்த்து வென்ற சோஷலிச மக்கள் கட்சி. அதன் தலைவர் ஹோல்கர் கே. நீல்சன். சமூக ஜனநாயகக் கட்சியும் சமூகத் தாராளவாதக் கட்சியும் அவரோடு உட்கார்ந்தன. அவருடைய கட்சி இடம் மாறினால் இரண்டாவது வாக்கெடுப்பில் ஜெயிக்கலாம், மாறாவிட்டால் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்டோபர் இறுதியில் மூன்று கட்சிகளும் தேசிய சமரசம் என்ற ஆவணத்தை முன்வைத்தன. தீவிர வலதான முன்னேற்றக் கட்சி தவிர நாடாளுமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்டன. ஷ்லூட்டர் அரசு அதை எழுதவில்லை; ஆனால் பிரஸ்ஸல்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய பொறுப்பு அதன் தலையில் விழுந்தது. அடிக்குறிப்புக் காலம் மறுபடியும்.

நான்கு விலக்குகள் இவை: ஒன்றியக் குடியுரிமை வேண்டாம்; பொது நாணயம் வேண்டாம்; கூட்டுப் பாதுகாப்பு, ராணுவ நடவடிக்கைகள் வேண்டாம்; நீதி, உள்துறை விஷயங்களில் நாடுகளுக்கு மேலான அதிகாரம் வேண்டாம். கூடவே ஒரு பூட்டும் போட்டார்கள்: இவற்றுள் எதைக் கைவிடுவதானாலும் மறுபடி மக்களைக் கேட்க வேண்டும்.

டிசம்பர் 11, 12 தேதிகளில் எடின்பரோவில் ஜான் மேஜரின் தலைமையில் உச்சி மாநாடு. சிக்கல் என்னவென்றால், ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ஏற்கெனவே ஒப்புதல் தந்த நாடுகள் எல்லாம் மறுபடி ஒப்புதல் தர வேண்டும். அதே சமயம் வெறும் வாக்குறுதி என்றால் டேனியர்கள் நம்ப மாட்டார்கள். அமைச்சர்கள் கவுன்சிலின் சட்டப் பிரிவுத் தலைவர் ழான்-குளோத் பிரிஸ் வழி சொன்னார்: நாடுகளின் தலைவர்கள் கூடி எடுத்த முடிவு என்று தனி ஆவணம் போடுவது. சர்வதேசச் சட்டப்படி அது கட்டுப்படுத்தும். ஆனால் ஒப்பந்தத்தைத் தொடாது. அந்த ஆவணம் ஒப்பந்தத்துக்கு விளக்கமா, திருத்தமா என்று சட்டப் பேராசிரியர்கள் பிறகு கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள்.

சொல்லப்போனால், பிறந்தபோது இந்த நான்கு குழந்தைகளுக்கும் பல் முளைத்திருக்கவில்லை. பொது நாணயத்தில் சேருமுன் வாக்கெடுப்பு நடத்தும் உரிமை மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்திலேயே டென்மார்க்குக்கு இருந்தது. கூட்டு ராணுவம் என்று ஒன்று அப்போது கிடையாது. நீதி, உள்துறை விவகாரங்கள் அரசுகளுக்கு இடையிலான பேச்சாகவே இருந்ததால் மறுப்பதற்கு அங்கே நாடுகளுக்கு மேலான அதிகாரமே இல்லை. குடியுரிமை விலக்கு இன்னும் விசித்திரம். உள்ளாட்சித் தேர்தலில் வெளிநாட்டவருக்கு வாக்குரிமை தரும் சட்டம் டென்மார்க்கில் 1981 முதலே இருந்தது. ஒன்றியம் தரச் சொன்னதைவிடத் தாராளமானது அது. ஆக, ஜூனில் மறுத்த அதே ஒப்பந்தத்தை, எழுத்து மாறாமல், அடுத்த ஆண்டு மே மாதத்தில் மக்கள் முன் வைப்பதற்குத் தேவைப்பட்ட காரணங்கள்தாம் இந்த நான்கும்.

அந்த மே மாதம் வருமுன் அரசே கவிழ்ந்தது. கவிழ்த்தது ஐரோப்பா அல்ல. இலங்கைத் தமிழர்களின் கோப்புகள்.

1983 கலவரத்துக்குப் பின் தமிழர்கள் டென்மார்க்குக்கு அகதிகளாக வரத் தொடங்கினார்கள். ஹெர்னிங், பிராண்டே போன்ற ஜட்லாந்து ஊர்களில் குடியமர்ந்தவர்கள் இவர்கள். அதே 1983-இல் டென்மார்க் இயற்றிய வெளிநாட்டவர் சட்டம், அகதியின் மனைவியும் குழந்தைகளும் வந்து சேர்வதை உரிமையாகவே வைத்திருந்தது. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி அதிகாரிகளிடம் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை, நாடாளுமன்றத்தில் அறிவிக்கவுமில்லை. இங்கே கணவன் காத்திருக்க, யாழ்ப்பாணத்தில் குண்டுகளுக்கு நடுவே மனைவியும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். விஷயம் வெளியே கசிந்தபோது, எதையும் கம்பளத்துக்கு அடியில் தள்ளவில்லை என்று 1989-இல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் சொன்னார். டேனிய அரசியலில் இன்றும் கேலிக்கு எடுத்தாளப்படும் பேச்சு அது. உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹார்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை நடந்தது. ஏறத்தாழ 6,000 பக்க அறிக்கை 1993 ஜனவரி 14 அன்று வெளியானது. பிரதமர் நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் தந்தார் என்றது. பத்தாண்டுகளுக்கு மேல் ஆண்ட ஷ்லூட்டர் பதவி விலகினார். டென்மார்க் ஐரோப்பியச் சமூகத்தின் சுழற்சித் தலைமையை ஏற்று இரண்டே வாரம் ஆகியிருந்தது. நின்-ஹான்சனை அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 1910-க்குப் பிறகு அது கூடியது அப்போதுதான். 1995-இல் அவருக்கு நான்கு மாத நிபந்தனைச் சிறைத் தண்டனை கிடைத்தது. டேனிய வரலாற்றில் அந்த விவகாரத்தின் பெயரே ‘தமிழர் வழக்கு’.

ஜனவரி 25-இல் சமூக ஜனநாயகக் கட்சியின் பவுல் நுருப் ராஸ்முசன் பிரதமரானார். இது வாக்கெடுப்பையும் பாதித்தது. ஜூனில் ஷ்லூட்டருக்கு எதிராகவும் சேர்த்து வேண்டாம் என்று போட்ட தொழிலாளி, இப்போது தன் கட்சியின் பிரதமரே வந்து ஆம் போடுங்கள் என்று கேட்பதைப் பார்த்தார். 1993 மே 18: ஆம் 56.7 சதவீதம். வாக்குப்பதிவு முந்தைய முறையைவிடவும் அதிகம், 86.5 சதவீதம். நான்கு விலக்குகளும், சோஷலிச மக்கள் கட்சியின் மனமாற்றமும், கோபன்ஹேகனில் ஆள் மாறியதும் சேர்ந்து கொண்டுவந்த முடிவு இது. தமிழ்க் குடும்பங்களின் கோப்புகள் நகர்ந்திருந்தால் ஷ்லூட்டரே அந்த மே மாதத்தைச் சந்தித்திருப்பார். அப்போது என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம். ஆனால் அப்படியும் அவர் சுலபமாக ஜெயித்திருப்பார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மே 18 அன்று இரவு தலைநகரின் நோரபுரோ பகுதியில், வாக்கெடுப்பு முடிவை எதிர்த்த இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். கல்மழை பெய்தது. போலீஸ் கூட்டத்தை நோக்கி 113 முறை சுட்டது. குறைந்தது 11 பேர் காயமடைந்தார்கள். யாரும் சாகவில்லை. அமைதிக்கால டென்மார்க் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பிறகு ஒன்றியம் வளர்ந்தது. பல்லும் முளைத்தது. குடியுரிமை விலக்கு மட்டும் தானாகவே பொருளிழந்தது; ஒன்றியக் குடியுரிமை தேசியக் குடியுரிமையை அகற்றாது என்று ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிட்டது. மற்ற மூன்றும் கடிக்கத் தொடங்கின. நேட்டோ தன் பணியை ஐரோப்பிய ஒன்றியத்திடம் ஒப்படைத்தபோதெல்லாம் டேனியப் படையினர் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. 2003-இல் மாசிடோனியாவிலும் 2004-இல் போஸ்னியாவிலும் அதுவே நடந்தது. 2000 செப்டம்பரில் யூரோ வேண்டுமா என்று கேட்டார்கள், 53.2 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். ஆனால் டேனிய நாணயமான குரோனின் மதிப்பு ஒரு யூரோவுக்கு 7.46 என்ற அளவைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. 2015 தொடக்கத்தில் ஊக வணிகர்கள் அந்தக் கட்டை அவிழ்க்கப் பார்த்தபோது, டேனிய மத்திய வங்கி வட்டியைச் சுழியத்துக்குக் கீழே 0.75 வரை இறக்கியது. அரசுக் கடன் பத்திர விற்பனையையே நிறுத்திவைத்தது. யூரோவை மறுத்த மக்களின் நாணயம் யூரோவை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள இத்தனை பாடு. பிராங்க்பர்ட்டில் யூரோவின் வட்டி முடிவாகும் மேசையில் டென்மார்க்குக்கு நாற்காலி கிடையாது என்பது வேறு.

2015 டிசம்பரில் நீதித்துறை விலக்கைத் தளர்த்தக் கேட்டபோது 53.1 சதவீதத்தினர் மறுத்தார்கள். அதனால் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலில் உறுப்பினராக இருக்கும் தகுதி போனது. தனி உடன்படிக்கை போட்டுப் பின்வாசல் வழியாக ஒட்டிக்கொண்டார்கள். அசைந்துகொடுத்தது பாதுகாப்பு விலக்கு ஒன்றுதான். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் 6-இல் பிரதமர் மெட்டே ஃபிரெட்ரிக்சன் வாக்கெடுப்பை அறிவித்தார். ஜூன் 1-இல் 66.9 சதவீதத்தினர் விலக்கை எடுத்துவிடச் சொன்னார்கள். முப்பது ஆண்டுக் கல் மூன்று மாதத்தில் உருண்டது.

இதையெல்லாம் வைத்து டேனியர்களை ஐரோப்பாவின் எதிரிகள் என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஒன்றியத்தில் இருப்பது நல்லதா என்று கேட்டால் நல்லது என்பார்கள், பல நாட்டினரைவிடவும் உறுதியாக. ஐரோப்பியத் தேர்தலுக்கும் வருகிறார்கள், ஒப்பந்தத்தையும் படிக்கிறார்கள். அடுத்த படிக்கு ஏறச் சொன்னால்தான் பையைத் தடவிப் பார்க்கிறார்கள். அரசியல்வாதிகள் கண்டுபிடித்துத் தந்த நான்கு காரணங்களை, நாளடைவில் தாங்களே நினைத்தவையாக மக்கள் ஏற்றுக்கொண்டதுதான் இந்தக் கதையில் எனக்கு வியப்பான பகுதி.

மிச்சமிருக்கும் விலக்குகளில் கனமானது நீதி, உள்துறை சார்ந்தது. முன்பு அதை அகற்ற நினைத்த சமூக ஜனநாயகக் கட்சிக்கே இப்போது அது வசதியாகிவிட்டது. ஒன்றியத்தின் புகலிடச் சட்டங்கள் பெரும்பாலும் டென்மார்க்கைக் கட்டுப்படுத்தாது. அகதிகளின் குடும்பம் ஒன்றுசேர்வது பற்றி ஒன்றியம் 2003-இல் போட்ட நெறிமுறையும் அங்கே செல்லாது. அந்த இடைவெளியில்தான் 2016-இல் டென்மார்க், தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதிகள் மனைவி மக்களை அழைக்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 1987-இல் ஓர் அமைச்சர் ரகசியமாகச் செய்ததற்கு அரசு கவிழ்ந்தது. இது நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து, அரசிதழில் அச்சிட்டு, முறைப்படி வந்தது. ஒரு சிரிய அகதி ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். அது ஒன்றியத்தின் நீதிமன்றம் அல்ல. நான்கு விலக்குகளும் அதன் வாசலுக்குச் செல்லாது. 2021 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு டென்மார்க் மூன்று ஆண்டுகளை இரண்டாகக் குறைத்தது.